உச்சியில் பந்தின் வேகம்

பிளஸ் ஒன்னில் என்னோடு முதல் குரூப்பில் உட்கார்ந்திருந்தவர்களே, உங்களில் எத்தனை பேருக்கு என் முகம் ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. ஜூலையில் வந்து சேர்ந்து, காலாண்டுப் பரீட்சைக்கு முன்பே காணாமல் போன பெண் நான். பெண்கள் வரிசையில் சுவரோரம், கொக்கி கழன்ற ஜன்னல் ஒன்று காற்றடித்தால் டப்டப்பென்று அடித்துக்கொள்ளுமே, அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். அப்படியும் நினைவு வராவிட்டால் இன்னொரு அடையாளம் சொல்கிறேன். இயற்பியல் வாத்தியார் மகள். இப்போது எல்லோருக்கும் வந்திருக்கும்.

போன மாதம் யாரோ என் நம்பரைத் தேடிப் பிடித்து உங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டீர்கள். காலையில் பூப்படம், மதியம் மூட்டுவலிக்குக் கைவைத்தியம், சாயங்காலம் அரசியல் சண்டை. நடுவே நாலைந்து பேர் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எறிபொருள் பாடத்தை அவர் மாதிரி நடத்த இன்னொருத்தர் பிறக்கவில்லை என்று ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் எழுதி, கைகூப்பும் படங்களாக வரிசையாகப் போட்டிருந்தார். படிக்கப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பாடம் அப்பாவுக்குள் எப்படி ஏறியது என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், சிதம்பரத்து மாமாவும் போய்விட்டார். இனிமேல் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை.

பிளஸ் டூ என்பது பள்ளிக்கூடங்களுக்குப் புதிதாக வந்திருந்த சமயம் அது. அதுவரை கல்லூரியில் நடந்துகொண்டிருந்த பாடத்தைத் தூக்கி ஒரே கோடை விடுமுறையில் பள்ளிக்கூட வாத்தியார்கள் தலையில் வைத்தார்கள். கடலூரில் நம் பள்ளியில் இயற்பியலுக்கு ஆள் இல்லை. ஹெட்மாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டு, "நீங்க சயின்ஸ்தான சார், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா படித்தது வேதியியல். குடுவையும் அமிலமும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நடத்துவார். காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரிக்காட்டுக்குள் வளர்ந்து, குடும்பத்திலேயே முதலில் டிகிரி வாங்கியவர். முடியாது என்று சொன்னால் மேல்வகுப்பு வாத்தியார் என்கிற பேர் வேறொருவருக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய சங்கடம், தெரியாது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அப்பா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

எனக்கும் அந்த வருஷம் ஒரு ஆசை இருந்தது. சிதம்பரத்து மாமா மாதிரி நானும் இயற்பியல் படிக்க வேண்டும். பத்தாவதில் நல்ல மார்க். ஆனாலும் அம்மாவுக்கு அரைமனசுதான்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அவ்வளோ கஷ்டமான குரூப்பு?" என்றாள்.

அப்பாதான் சேர்த்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு. காலாண்டுப் பரீட்சை வருவதற்குள் குரூப் மாற்றிக்கொள்ளலாம் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு சலுகை இருந்தது. "அதுக்குள்ள ஒனக்கு வரலன்னா தேர்ட் குரூப்புக்குப் போயிடணும், சரியா?" என்றார். வணிகவியலும் கணக்குப்பதிவும் படிக்கிற குரூப் அது. எனக்கு வராமல் போகும் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சரிப்பா என்று குதித்துக்கொண்டு போனேன்.

முதல் பாடங்களெல்லாம் எப்படியோ ஓடிவிட்டன. எறிபொருள் வந்ததும் அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் கூடத்து பெஞ்சில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்காருவார். ஒரு பந்தைச் சாய்வாக எறிகிறார்கள், அது வளைந்து போய் விழுகிறது, எவ்வளவு உயரம் போகும், எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு நேரம் பறக்கும். கேள்வி என்னவோ சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரித்தான் இருந்தது. அப்பா சைன், காஸ் என்று முணுமுணுத்துக்கொண்டு பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துத் துப்புவார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் "இரு இரு" என்பார். சோறு ஆறிப்போகும்.

ஒரு சனிக்கிழமை அம்மாவிடம் சொன்னார். "புள்ளைக்கு ஃபிசிக்ஸ் கணக்கு கொஞ்சம் தகராறா இருக்குது. நாளைக்கி சிதம்பரம் இட்டுகினு போயி ஒன் தம்பிகிட்ட காட்டிட்டு வரேன்."

நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு தகராறும் இல்லை. அந்தப் பாடத்தை வகுப்பில் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

சிதம்பரத்து மாமா அம்மாவுக்குத் தம்பி. அங்கே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளர். எட்டாவது படிக்கும்போது அப்பாவிடமே அறிவியல் கற்றுக்கொண்டவர். அப்பா அவருக்கு அக்கா புருஷன், போதாக்குறைக்குப் பழைய வாத்தியார். அப்படிப்பட்டவர் மச்சான் வீட்டில் போய்ப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து "எனக்கு இது வெளங்கல, சொல்லிக்குடு" என்று கேட்பது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். கேட்டிருந்தால் மாமா சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்திருப்பார். அது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு அப்பாவுக்குத் தெரியவில்லை.

முதுநகர் ஸ்டேஷனில் காலைப் பாசஞ்சர் ஏறுவோம். அப்பா மடியில் சாக்குப் பையில் ஒரு பலாப்பழம். மாமனார் வீட்டு மனிதர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகிறவர் இல்லை அவர். எதிர் பெஞ்சில் கருவாட்டுக் கூடை இருக்கும். பலா வாசனையும் கருவாட்டு வாசனையும் சேர்ந்து அடிக்கும்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால் எஞ்சின் கரி கண்ணில் விழும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை. வெள்ளாற்றுப் பாலத்தில் ரயிலின் சத்தம் மாறும்போது அப்பா புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டுச் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொள்வார். என் மடியில் மஞ்சள் தகர ஜாமெட்ரி பாக்ஸ் இருக்கும். அது பிற்பாடு எங்கே தொலைந்தது என்றே தெரியவில்லை. எத்தனையோ வீடு மாறிவிட்டோம்.

மாமா வீடு தெற்கு வீதியை ஒட்டிய சந்தில் இருந்தது. கூடத்தில் சிவப்புத் தரை, எண்ணெய் தடவினதுபோல் பளபளக்கும். மாமா அந்தத் தரையிலேயே சாக்பீஸால் படம் போட்டுச் சொல்லிக்கொடுப்பார். அத்தை ஈரத்துணியை வைத்துக்கொண்டு எப்போது துடைக்கலாம் என்று நின்றுகொண்டிருப்பாள். அப்பா பிரம்பு நாற்காலியில் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"இங்க பாரும்மா. சாஞ்சி போற வேகத்த ரெண்டாப் பிரிச்சிக்க. ஒண்ணு தரையோட போவுது, ஒண்ணு மேல போவுது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காத. தனித்தனியாக் கணக்குப் போடு. தரையோட போறதுக்கும் மேல நடக்குறதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அந்த நிமிஷத்துச் சந்தோஷத்தை இப்போதும் என்னால் சொல்ல முடியும். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. புரிஞ்சிடுச்சு மாமா என்று வாயெடுத்தேன். நாற்காலிப் பக்கமிருந்து ஒரு கனைப்பு கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பேப்பருக்கு மேலே அப்பாவின் நெற்றி மட்டும் தெரிந்தது, சுருங்கிப்போய். நாங்கள் வந்ததிலிருந்து அந்தப் பேப்பரில் ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க மாமா," என்றேன்.

யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாகவே கண்டுபிடித்துக்கொண்டேன். அப்பா கனைத்தால் இன்னொரு தடவை. அப்பா காலை மாற்றிப் போட்டுக்கொண்டால் போதும், அடுத்ததற்குப் போகலாம். திரும்பி வரும்போது ரயிலில் கேட்பார். "ரெண்டாவது ஸ்டெப்புல மாமா என்னா பண்ணாரு? நீ கவனிச்சியான்னு பாக்கறேன்." நான் சொல்வேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உதட்டை அசைப்பார். எனக்கும் அவருக்கும் நடுவே வாய்விட்டுப் பேசாத ஒரு ஒப்பந்தம் இருக்கிறது, அம்மாவுக்குக்கூடத் தெரியாது என்று எனக்கு அவ்வளவு கர்வம். அப்பாவுக்கு நான் அவ்வளவு வேண்டியவள் என்று அதற்கு முன்பும் பின்பும் தோன்றியதில்லை.

திங்கட்கிழமை நீங்கள் கரும்பலகையில் பார்த்ததெல்லாம் அப்படி வந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை சிவப்புத் தரையில் மாமா போட்ட படத்தை அப்படியே போடுவார். சாக்பீஸ் எந்த இடத்தில் தயங்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அந்த இடம் தாண்டியதும் மூச்சு விடுவேன்.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. நாலு தடவை கேட்கிற பெண்ணைப் பற்றி மாமா என்ன நினைப்பார் என்று நான் யோசிக்கவில்லை.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வினாடிக்குப் பத்தொன்பது புள்ளி ஆறு மீட்டர் வேகத்தில், முப்பது டிகிரி சாய்வில் ஒரு பந்து எறியப்படுகிறது. உயரம், நேரம், தூரம் எல்லாம் முடிந்து, கடைசிக் கேள்விக்கு வந்திருந்தோம். உச்சியில் பந்தின் வேகம் என்ன? அந்த நேரம் பார்த்து அத்தை வந்து நின்றாள்.

"அண்ணே, எல போட்டுட்டேன். எழுந்து வாங்க."

மாப்பிள்ளைக்கு முதல் இலை. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டு ஆம்பிளைகள் உட்காருவார்கள். அம்மா வீட்டுப் பக்கத்தில் அந்த மரியாதையை யாரும் விட்டதில்லை.

"இருக்கட்டும்மா. புள்ள முடிச்சிரட்டும்," என்றார் அப்பா.

"ஆறிடும்ண்ணே. கத்திரிக்கா கொத்சு சூடா இருந்தாத்தான் நல்லாருக்கும்."

"போங்க மாமா. நீங்க எதுக்குக் காவல் உக்காந்துகினு. அவள நான் பாத்துக்கறேன்," என்று மாமாவும் சொன்னார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு பேப்பரை மடித்தார். வேறு என்ன செய்வார் பாவம். கூடத்தில் இலை போட வேண்டும் என்று அத்தை தரைப் படத்தைத் துடைத்துவிட, மாமா என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார்.

அங்கே நான் என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்றேன். பென்சில் முனை உடைந்துவிட்டது என்றேன். மாமா சொல்லி முடித்ததும் புரியலையே என்றேன். திரும்பச் சொன்னார். புரியலை என்றேன். கூடத்தில் அத்தை அப்பாவுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா "போதும்மா, போதும்" என்பதும், "என்னாண்ணே, கொறிச்சிட்டு எழுந்துக்கறீங்க" என்று அவள் மறுபடி வைப்பதும் கேட்டது. அவ்வளவு உபசாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சீக்கிரம் எழுந்து வாங்கப்பா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

மாமா சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"எத்தன தடவம்மா சொல்றது? மேல போற வேகம்தான் உச்சியில இல்லாமப் போவுது. தரையோட போறது போயிகினேதான் இருக்குது. ஏறக்குறைய பதினேழு. எழுதிக்க, போ."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் தலையைத் தடவிக்கொடுத்தார். புத்தி மந்தமான பிள்ளையைத் தடவிக்கொடுப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, ரயிலில் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சிதம்பரம் ஸ்டேஷனில் ஏறி உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார். "அந்தக் கடைசிக் கேள்வி தெரிஞ்சதுதான். உச்சிக்குப் போனா பந்து நின்னுதான எறங்கணும். வேகம் சைபர்."

"இல்லப்பா, மாமா வந்து..."

"சார், வணக்கம் சார்" என்று குரல் கேட்டது. கடலூரில் மெடிக்கல் கடை வைத்திருந்தாரே, உங்களுக்குத் தெரியும், அவர். எங்கள் எதிரில் உட்கார்ந்துவிட்டார். "எம் பையன் ஒங்க கிளாஸ்ல ஒக்காந்ததுலேர்ந்து வூட்டுல ஒரே ஃபிசிக்ஸ்தான் சார். ஒங்கள மாதிரி வெளக்கிச் சொல்ல ஆளே இல்லன்றான்." அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. முதுநகர் வரைக்கும் அந்த மனிதர் புகழ்ந்துகொண்டே வந்தார். அவர் முன்னால் நான் எப்படி வாயைத் திறப்பேன்? வீட்டில் அம்மா இருந்தாள். அவள் காதில் விழுந்தால் அன்றே அவள் தம்பிக்கும் போய்விடும். காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை உங்களுக்கு மறந்திருக்காது. அப்பா கொட்டை எழுத்தில் எழுதினார்: உச்சியில் வேகம் = 0. மெடிக்கல் கடைக்காரர் மகன் எழுந்து நின்றான்.

"சார், தரையோட போற வேகம் இருக்குமே சார்."

அப்பா கரும்பலகையைப் பார்த்தபடி நின்றார். காது மடல் சிவந்ததை முதல் பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. நேத்துதான படிச்ச."

எழுந்து நின்றேன். எனக்கு விடை தெரியும். பதினேழு என்ற எண் நாக்கு நுனியில் இருந்தது. அப்பா கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"சைபர், சார்."

பையன்கள் பக்கத்தில் சிரித்தீர்கள். மணி அடித்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து யோசிக்கும்போது வேறு மாதிரியும் தோன்றுகிறது. ஒருவேளை அவர் நிஜமாகவே விடையைத்தான் கேட்டாரோ? மாமா என்ன சொன்னார் என்று தெரியாமல் தவித்துத்தான் என்னைப் பார்த்தாரோ? அப்படியானால் அந்த ஒரு நிமிஷத்தில் அவரைக் கைவிட்டதும் நான்தான், காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டதும் நான்தான். எது என்று இனி யாரிடம் போய்க் கேட்பது?

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் என்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப் போனார். சுண்டல் வாங்கிக் கொடுத்தார். பையன்கள் ரப்பர் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டை பிடிக்கிறவனுக்கு நேர் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில், அலை வந்து காலை நனைக்கிற இடத்தில் நின்றேன். ஒருவன் தூக்கி அடித்தான்.

"பாரு, மேல போயி நிக்குது பாரு," என்றார்.

அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். என் பக்கத்திலிருந்து பார்க்கும்போது பந்து எங்கேயும் நிற்கவில்லை. வளைந்து போய்க்கொண்டே இருந்தது. இங்கே வந்து பாருங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாத்தியாருக்கு, அதுவும் அப்பாவுக்கு, நில்லுங்க, நடங்க என்று சொல்லுகிற தைரியம் எனக்கு எங்கே இருந்தது.

"ஆமாப்பா, நிக்கற மாதிரிதான் இருக்குது."

"மாதிரியா?" என்று கேட்டுவிட்டு அப்பா வெகுநேரம் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சுண்டல் காகிதத்தை மடித்து மடித்து விரல் அளவுக்குச் சின்னதாக்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததும் அப்பா சொன்னார்.

"மச்சான், இவளுக்கு உச்சியில சைபர்னே மண்டையில பதிஞ்சிபோச்சி. கிளாஸ்ல கேட்டாலும் அதையேதான் சொல்றா. கொஞ்சம் எடுத்துச் சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அதில் பொய் ஒன்றுமில்லை. கிளாஸில் நான் அதைத்தானே சொன்னேன். எண்பது காதுகள் கேட்டிருக்கின்றன.

மாமா பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி தரையில் படம் போட்டார். அம்புக்குறி அம்புக்குறியாகப் போட்டார். அன்றைக்கு அப்பா பேப்பரை எடுக்கவே இல்லை. நாற்காலி விளிம்புக்கு வந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் தன்னை மறந்து "அட, ஆமா" என்றார். உடனே என்னைப் பார்த்து, "பாத்தியா? எவ்வளோ சுலுவா இருக்குது," என்றார்.

அன்றைக்குச் சாப்பாட்டின்போது மாமாவே பரிமாற வந்தார். தயங்கித் தயங்கித்தான் பேசினார். "மாமா, மனசுல எதுவும் வச்சிக்காதீங்க. நல்ல புள்ள அவ. ஆனா இந்த குரூப்பு அவளுக்கு வேணாம். அவளப் போட்டு வதைக்காதீங்க. இன்னும் கஷ்டம் ஜாஸ்தியாத்தான் ஆவும்." நான் பின்கட்டுக் கதவோரம் நின்றிருந்தேன். அப்பா ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவருக்குத் தெரியும், நான் யாருக்காகத் திரும்பத் திரும்பக் கேட்டேன் என்று. அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"பாப்போம் மச்சான்," என்றார் அப்பா. மோர் கேட்டார்.

மறுநாள் வகுப்பில் நடந்ததைத்தான் நீங்கள் குழுவில் கொண்டாடியிருக்கிறீர்கள். "போன வாரம் ஒங்கள டெஸ்ட் பண்றதுக்காகத்தான் சைபர்னு போட்டேன். ஒரே ஒருத்தன்தான் கண்டுபிடிச்சான்," என்று சொல்லி மெடிக்கல் கடைக்காரர் மகனை எழுப்பி நிறுத்திக் கைதட்டச் சொன்னாரே. நானும் கைதட்டினேன். அம்புக்குறி அம்புக்குறியாகப் போட்டு அவர் அன்றைக்கு நடத்தியது நிஜமாகவே அருமையாக இருந்தது. உங்களோடு சேர்ந்து நானும் ரசித்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சு எழுந்தது. அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா அவளிடம் மாமா சொன்னதைச் சொன்னார்.

"தம்பியே சொல்லிட்டானா? அப்பறம் என்னா யோசன?" என்றாள் அம்மா.

"காலாண்டு எழுதிட்டுப் பாக்கலாம்ப்பா," என்றேன்.

"அதுக்கப்பறம் மாத்த வுடமாட்டாங்க. நீ ஃபெயிலானா வாத்தியார் புள்ளயே ஃபெயிலுன்னு ஊரு சிரிக்கும்."

"எனக்கு வரும்ப்பா. இப்பவே ஒரு கணக்கு குடுங்க. போட்டுக் காட்டறேன்."

அப்பா யோசித்தார். பழைய கணக்கிலேயே சாய்வை அறுபது டிகிரி என்று மாற்றிக் கொடுத்தார். உயரம் எவ்வளவு என்றார். நான் தரையில் உட்கார்ந்து போட்டேன். தப்பில்லாமல் போட்டேன். அப்பாவும் பெஞ்சில் உட்கார்ந்து தனியாகப் போட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விடை வேறு வேறாக இருந்தது.

அவர் தாளைப் பார்த்தேன். சாய்வை அறுபது என்று மாற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் முப்பதின் சைன் மதிப்பான பாதியையே போட்டிருந்தார். மேலே இருந்து இரண்டாவது வரி.

"தப்பு," என்றார் அப்பா. கோபமில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார்.

"பாத்தியா?" என்றாள் அம்மா.

"அப்பா, நீங்க அந்த ரெண்டாவது வரியில..." என்று ஆரம்பித்தேன். அம்மா அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவள் தம்பி விரிவுரையாளர், புருஷன் பள்ளிக்கூட வாத்தியார். அந்த வித்தியாசத்தை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொல்லாமலேயே அது அந்த வீட்டில் எல்லா அறையிலும் இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார், எதைச் சொல்லப்போகிறாள் என்று. அந்த முகத்தில் இருந்த பயத்தை நான் பார்த்துவிட்டேன்.

"ஒண்ணுமில்லப்பா," என்றேன்.

மறுநாள் காலை அவரே என்னைத் தேர்ட் குரூப் வகுப்புக்கு அழைத்துப் போய் விட்டார். வாசலில் நின்று, "இது ஈஸியா இருக்கும், பயப்படாத" என்று சொல்லிவிட்டு இயற்பியல் வகுப்புக்கு, உங்களிடம், போனார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு அவர் சிதம்பரம் போகவில்லை. எனக்காகத்தானே போனது, நான்தான் மாறிவிட்டேனே என்று அம்மா சாதாரணமாக எடுத்துக்கொண்டாள். மிச்சப் பாடங்களை அவர் தானே மல்லுக்கட்டிப் படித்தார். நான் டைப்ரைட்டிங் முடித்து தாலுகா ஆபீசில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். குறை சொல்கிற மாதிரி வாழ்க்கை இல்லை. கதவைச் சாத்தும்போது விரல் மாட்டிக்கொண்ட வலி மாதிரி ஒன்று எப்போதாவது வரும், போகும்.

இதற்கு மேல் ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கடைசிக் காலத்தில் அவர் எங்களோடு இருந்தார். என் மகள் அப்போது பிளஸ் ஒன். ஒரு விடுமுறை நாள், அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தாத்தாவிடம் போனாள். அவருக்குப் பார்வை மங்கியிருந்தது, கை நடுக்கம் வேறு. ஆனாலும் அவள் தாளில் அம்புக்குறி அம்புக்குறியாகப் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். நான் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு இடத்திலும் தப்பில்லை.

"உச்சியில சைபர்னு போட்டுடாத கண்ணு," என்றார். "ஒங்கம்மா அங்கதான் வுழுந்தா. இவளுக்காக ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பலாப்பழத்தத் தூக்கிகினு சிதம்பரத்துக்கு அலைஞ்சேன். ஒங்க சிதம்பரத்துத் தாத்தா எவ்வளோ பொறுமையாச் சொன்னாரு தெரியுமா? இவளுக்கு ஏறவே இல்ல."

மகள் சிரித்தாள். "நெஜமாவாம்மா?"

நான் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குள் இருந்த அந்த ரகசியத்தின் ஒரு சிறு சாயலாவது அதில் இருக்கும், ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. மாமாவை ஏய்ப்பதற்காகச் சொன்ன சாக்கை, வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, அவர் நிஜமென்றே நம்பியிருந்தார். எப்போதிலிருந்து நம்பினார் என்பதுதான் தெரியவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே நம்பியிருந்தால், அந்த ஒப்பந்தத்தில் நான் ஒருத்தி மட்டும்தான் இருந்திருக்கிறேன்.

அப்பா தடவித் தடவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுல எனக்கு ஒம்மேல ஒரு வருத்தமும் இல்ல புள்ள," என்றார். "எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமா?"

"வராதுப்பா," என்றேன்.